ஓரெஸ்ட் வீட்டுக் கொட்டுக்குழி

ஓரெஸ்டுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். காது சிவக்கும்போதே இடத்தைக் காலி பண்ணினால் பிழைத்தோம் என்று ஊரில் சொல்வார்கள். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், கோதுமை வயலைக் கிழித்துக்கொண்டு போகிற நெடுஞ்சாலை ஓரத்தில், கேரவன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கூரை ஒழுகினாலும் அச்சு முறிந்தாலும் சுற்றுவட்டாரத்தில் அவனை விட்டால் ஆள் இல்லை. அதனால் வாங்குகிற திட்டை வாங்கிக்கொண்டு அவனிடமே வந்தார்கள்.

கடைக்குப் பக்கத்தில் சிமெண்ட் தளம். தளத்துக்கு நடுவில் இரும்பு மூடி போட்ட குழி. கேரவனில் ஊர் சுற்றுகிறவர்கள் கக்கூஸ் தொட்டியைக் காலி பண்ணுகிற இடம் அது. ஹோஸின் ஒரு முனையை வண்டியில் மாட்டு, மறுமுனையைக் குழிக்குள் விடு, வால்வை இழு, கழுவு, போய்க்கொண்டே இரு. ரிப்பேருக்கு வந்தவனும் கொட்டலாம், வராதவனும் கொட்டலாம். யாரிடமும் அவன் காசு கேட்டதில்லை.

இவ்வளவு சிடுமூஞ்சிக்கு இந்தத் தர்மம் எங்கிருந்து வந்தது என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். அவன் பதினைந்து வயசில் பார்த்தது அப்படி. சாலை ஓரத்தில்தான் அவன் அப்பாவின் நிலம். எவனோ ஒரு புண்ணியவான் தன் வண்டித் தொட்டியைச் சாலைப் பள்ளத்தில் திறந்துவிட்டுப் போனான். மழை பெய்து எல்லாம் குட்டையில் இறங்கியது. அந்தத் தண்ணீரைக் குடித்த கன்றுகள் கழிந்து கழிந்து ஒவ்வொன்றாய்ச் செத்தன. பள்ளத்தில் இறங்கிப் பார்த்த ஓரெஸ்ட், புல்லில் ஒட்டியிருந்த கக்கூஸ் காகிதத்தைக் கையால் பொறுக்கினான். கன்றுகளோடு வீட்டுக் காசும் போனதில் அந்தக் குளிர்காலத்தோடு படிப்பு நின்றது. எண்ணெய்க் குழாய் பதிக்கிற முகாம்களுக்கு வேலைக்குப் போனான். அங்கே ஆட்கள் தங்குகிற வண்டிகளைப் பழுது பார்த்துப் பார்த்துக் கை பழகியது. பிறகு மூடிக்கிடந்த ஒரு டிராக்டர் கடையை வாங்கினான். பெயர்ப்பலகை மாட்டுவதற்கு முன்னாலேயே குழியைத் தோண்டிவிட்டான்.

"பூட்டு போட்டா என்ன ஆகும்? பள்ளத்துல தொறந்து விடுவானுங்க. இங்க கொட்டித் தொலையட்டும்," என்பான்.

ஒரே ஒரு நிபந்தனைதான். நீலத் தண்ணீர் ஊற்றியவன் கொட்டக்கூடாது. நாற்றம் தெரியாமல் இருக்கத் தொட்டியில் ஊற்றுகிற ஒரு மருந்து. பள்ளிக்கூடத்தில் தவளையைப் போட்டு வைக்கிற பார்மலின் கலந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதாளச் சாக்கடை கிடையாது. குழியில் விழுவதெல்லாம் செப்டிக் டேங்குக்குத்தான் போகும். கடையும் பின்னால் இருக்கிற அவன் வீடும் அதே டேங்கில்தான் ஓடுகின்றன. டேங்குக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள்தான் எல்லாவற்றையும் தின்று தண்ணீராக்கும். நீலம் விழுந்தால் பூச்சி சாகும். அப்புறம் போனதெல்லாம் வந்த வழியே திரும்பும்.

போன ஜூனில் திரும்பியது. அவன் மனைவி லோர்னா குளிக்கப் போனவள், குளியல் தொட்டிக்குள் ஊர்க்காரர்களின் விடுமுறை முழுக்க மிதப்பதைப் பார்த்து அலறினாள். டேங்கை உறிஞ்சி, கழிவுநீர் இறங்குகிற நிலத்தை முழுசாகத் தோண்டி, புதுச் சரளை போட்டு முடிக்க ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று. மண்வெட்டி இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து தோண்டிக் கொடுத்தவன் பக்கத்துப் பண்ணை மார்வின். ஒரு பைசா வாங்கவில்லை. ஒரு பெட்டி பீரை மட்டும் வாங்கிக்கொண்டு, "எந்த நாய் பண்ணுன வேலையோ," என்று துப்பிவிட்டுப் போனான்.

சுகாதார அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள் சிரிக்காமல் சொன்னாள்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா குழிக்கு மட்டும் இல்ல, வீட்டுக்கும் சேத்து சீல் வச்சிடுவேன்."

எந்த நாய் என்று ஓரெஸ்டுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவின் நம்பர் பிளேட் போட்ட ஏதோ ஒரு வண்டி. எண்ணெய்க் காசில் பெரிய வண்டி வாங்கிக்கொண்டு அடுத்தவன் ஊரை அசிங்கம் பண்ண வருகிற கூட்டம். அன்றிலிருந்து ஆல்பர்ட்டா வண்டி எது வந்தாலும் ஓரங்கட்டினான். மருந்து பாட்டிலைக் காட்டச் சொன்னான், தொட்டி வாயில் மூக்கை வைத்து மோந்தான். உள்ளூர் வண்டி வந்தால் கையை ஆட்டி உள்ளே விட்டான். நம்ம ஆட்கள்.

செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறையோடு, ஏரிக்கரையில் கேரவன் போட்டுத் தங்குகிற சீசன் முடியும். உறைபனி வருவதற்குள் தொட்டியைக் காலி பண்ணாவிட்டால் வெடித்துவிடும் என்பதால் அன்றைக்கு எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் திரும்பும். இந்த வருஷமும் வரிசை சாலை வரைக்கும் நின்றது. அத்தனையும் உள்ளூர் பிளேட்.

அந்த வரிசையைச் சட்டை பண்ணாமல் ஓரமாக ஓட்டிக்கொண்டு நேரே குழிக்கு வந்து நின்றான் டுவேன். லோர்னாவின் தம்பி. இறங்கினான், ஹோஸை மாட்டினான், வால்வை இழுத்தான். ஒரு சொட்டு வரவில்லை. குனிந்து வண்டிப் பக்கத்து முனையைக் கழற்றித் தொட்டி வாயைப் பார்த்தான். அப்போதுதான் அந்த வாடை வந்தது.

ஓரெஸ்டின் காது சிவந்தது. ஓடிப்போய் ஹோஸை மிதித்துக்கொண்டு நின்றான்.

"மூடுடா அத!"

"என்ன மச்சான், வந்ததும் ஆரம்பிச்சிட்டியா?"

"என்னத்த ஊத்துன?"

"சோப்பு."

"சோப்பு வாசம் எனக்குத் தெரியாதா? செத்த தவள வாசம் அடிக்குது. எத்தன பாட்டில்?"

டுவேன் தொப்பியை நகர்த்திக்கொண்டான். "அடைச்சிக்கிச்சு மச்சான். ரெண்டு பாட்டில் ஊத்துனா பாறையும் கரையும்னு ஏரிக்கரையில பக்கத்து வண்டிக்காரன் சொன்னான்."

"எப்படிடா அடைக்கும்? சீசன் பூரா ஏரிக்கரைக் குழாயில மாட்டி வால்வ தெறந்தே போட்டிருந்தியா?"

"தெனம் தெறந்து மூட நான் லீவுல போனேனா, கக்கூஸ் வாட்ச்மேன் வேலைக்குப் போனேனா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓரெஸ்டை இன்னும் கிளப்பியது.

"தெறந்து போட்டா தண்ணி மட்டும் ஓடிடும்டா மடையா. மத்ததெல்லாம் உள்ள கோபுரம் கட்டிக்கிட்டு நிக்கும். பச்சக் கொழந்தைக்குத் தெரியும். இப்ப அது மேல ரெண்டு பாட்டில் விஷத்தையும் ஊத்திக்கிட்டு என் வீட்டு வாசலுக்கு வந்திருக்கியே, நீ மனுஷனா?"

"உன் வீடா? எங்க அக்கா வீடும்தான். கண்டவனும் கொட்டுறான், நான் கொட்டக்கூடாதா? வழி விடு, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"உசுரோட இருக்கிறவரைக்கும் விடமாட்டேன்."

டுவேன் ஹோஸைப் பிடித்து இழுத்தான். ஓரெஸ்ட் தடுமாறி முழங்கால் தளத்தில் இடிக்க விழுந்தான். எழுந்தபோது கையில் ஸ்பேனர் இருந்தது. வரிசையில் சிரிப்பு நின்றுபோயிற்று.

கடைக் கதவைத் திறந்துகொண்டு லோர்னா வந்தாள். கையில் காபிக் கோப்பை. தம்பியை ஒரு வார்த்தை சொல்லவிடாத அக்கா என்று ஊருக்கே தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஓரெஸ்ட் தோற்ற சண்டைகளில் பாதி டுவேனுக்காகத் தோற்றவை.

"அக்கா, இந்த ஆள்கிட்ட நீயே சொல்லு," என்றான் டுவேன்.

லோர்னா நேரே குழிக்குப் போனாள். ஹோஸைக் குழியிலிருந்து காலால் உதைத்துத் தள்ளினாள். இரும்பு மூடியைக் காலாலேயே நகர்த்தி மூடினாள். அதன் மேல் ஏறி நின்றாள்.

"அக்கா!"

"ஒரு மாசம் உன் வீட்டுக்குக் குளிக்க வந்தேன் டுவேன். உன் பொண்டாட்டி நான் போனதும் துண்ட எண்ணிப் பாத்தா. நீ சோபாவுல உக்காந்துக்கிட்டு, சீக்கிரம் வாக்கா, மேட்ச் நேரத்துல பைப் சத்தம் போடுதுன்ன. நான் ஏன் வந்தேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் ரெண்டு பாட்டில் ஊத்திட்டு வந்திருக்க."

"நான் என்ன வேணும்னா..."

"கெளம்பு. பக்கத்து டவுன்ல சாக்கடை இருக்கு. அங்க போய்க் கெஞ்சு."

"இந்த நாத்தத்த எழுபது கிலோமீட்டர் இழுத்துக்கிட்டுப் போகவா?"

"உன்னுது தானே. இழு."

டுவேன் ஹோஸைச் சுருட்டி வண்டிக்குள் எறிந்தான். ஓரெஸ்டைப் பார்த்து, "பொண்டாட்டி முந்தானைக்குள்ள ஒளிஞ்சிக்கிட்ட," என்றான். "ஒளிஞ்சா ஒளிஞ்சிட்டுப் போறேன், நீ போடா," என்றான் ஓரெஸ்ட். சரளை தெறிக்க வண்டி போயிற்று.

ஓரெஸ்டுக்கு அடங்கவில்லை. முழங்கால் வலி வேறு. வரிசையைப் பார்த்துத் திரும்பினான். இத்தனை நாள் ஆல்பர்ட்டாக்காரனிடம் மட்டும் போட்ட சத்தத்தை இன்றைக்குத்தான் முதல்முறையாக ஊர்க்காரர்களைப் பார்த்துப் போட்டான்.

"இனிமே எல்லார் வண்டியும் மோந்து பாத்துட்டுத்தான் விடுவேன்! எவனா இருந்தாலும் சரி! பாட்டில எடுத்து வெளிய வைங்க!"

முதல் வண்டிக்காரி பச்சை பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினாள். நல்ல மருந்து, பூச்சியைக் கொல்லாதது. அவளை உள்ளே விட்டான். நிமிர்ந்தபோது வரிசையின் நடுவிலிருந்து ஒரு வண்டி மெதுவாக விலகிச் சாலையில் ஏறுவதைப் பார்த்தான். எண்ணெய் மில் கணக்கர். அவருக்குப் பின்னால் இன்னொன்று விலகியது. சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. வீட்டில் அடுப்பை அணைக்க மறந்தவர்கள் மாதிரிப் போனார்கள்.

"லோர்னா," என்றான் ஓரெஸ்ட். "பாக்குறியா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அப்போது இன்னொரு வண்டி ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு வரிசையை விட்டு வெளியே வந்தது. பழைய வெள்ளைக் கேரவன், பின்பக்கம் ஓரெஸ்டே மாட்டிக் கொடுத்த ஏணி. மார்வின்.

ஆல்பர்ட்டா இல்லை. நீலம் ஊற்றியவன் எந்த நாளும் ஆல்பர்ட்டாக்காரன் இல்லை.

"மார்வின்!" என்று கத்தினான். "டேய் மார்வின்! நில்லுடா!"

வண்டி நிற்கவில்லை. கண்ணாடிக்குள் மார்வின் நேரே சாலையைப் பார்த்தபடி, எங்கள் பக்கத்துச் சாலைகளில் எதிரே வருகிற எவனுக்கும் தூக்குவது போல, ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினான்.

பழக்கம் பாருங்கள், ஓரெஸ்டின் கையும் தானாக மேலே போயிற்று. பாதியில் அதைப் பார்த்தான். ஸ்பேனரோடு சேர்த்து அந்தக் கையை இழுத்துத் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டான்.

"அடுத்த வண்டி," என்றாள் லோர்னா, முதல் வண்டி கொட்டிப் போனதும் மறுபடி மூடி மேல் ஏறி நின்று. "பாட்டில காட்டச் சொல்லு."

"காட்டுங்க!" என்று கத்திக்கொண்டே நொண்டி நொண்டிப் போனான் ஓரெஸ்ட். காது ரெண்டும் இன்னும் சிவந்துதான் இருந்தன.