ஜெரேனியம் இலையும் கலாவின் சங்கும்

இன்று காலை என் ஜெரேனியம் தொட்டிகளுக்குப் பூச்சி மருந்து அடித்தேன். வெள்ளிமலையிலிருந்து வாங்கி வந்த செடி. இப்போதுதான் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. அசுவினிப் பூச்சிக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

மதியம் மாடிக்குத் துணி எடுக்கப் போனால், செடியில் சில இலைகளைக் காணோம். யாரோ கிள்ளியிருக்கிறார்கள்.

கீழ் வீட்டுக் கலாவின் கைக்குழந்தைக்குச் சளி என்பது நினைவுக்கு வந்தது. எப்படிப் படியிறங்கினேன் என்றே தெரியவில்லை.

"கலா, மாடியில இலை கிள்ளினியா?"

"ஆமாக்கா. கற்பூரவல்லிதானே? வதக்கிச் சாறு எடுத்தேன்."

பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். அவள் மடியில் குழந்தை கண்மூடிக் கிடந்தது. பக்கத்தில் சங்கு காலி.

"கொழந்தைக்குக் குடுத்துட்டியா? அது கற்பூரவல்லி இல்லடி, பூச்சி மருந்து அடிச்ச செடி!"

"ஐயோ! குடுக்கலக்கா. மொதல்ல நான் நாக்குல வச்சுப் பாத்தேன். வாடை வேற மாதிரி இருந்துச்சு, கீழ ஊத்திட்டேன். இவன் தூங்கினுகிறான்."

போன மூச்சு வந்தது. உடனே மறுபடியும் போயிற்று. நாக்கில் வைத்தவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாளே!

வாய் கொப்பளிக்க வைத்து, மருந்து பாட்டிலோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பயமில்லை என்று டாக்டர் அனுப்பி வைக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது கலா கேட்டாள்: "இன்னாக்கா, சளிக்கும் ஆவாது, சட்னிக்கும் ஆவாது. அப்புறம் எதுக்கு வெஷம் அடிச்சு வளக்குறீங்க?"

பூவுக்கு என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?