சீலனின் நீளப் பாட்டு

சத்தியசீலன் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நுனியில்தான் இருப்பான். ஒரு கால் தரையைத் தட்டும், இன்னொரு கால் அதற்குச் சம்பந்தமில்லாமல் வேறு எதையோ தட்டும். டீ கொடுத்தால் குடிப்பதற்கு முன்னால் டம்ளரைத் தட்டிப் பார்ப்பான். மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை. மேஜையைத் தட்டியே ஹெட்மாஸ்டரிடம் வசவு வாங்குவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பான். கல்யாணம், திருவிழா என்றால் பசுபதியின் மெல்லிசைக் குழுவில் ஆர்கன்.

அந்தக் குழுவுக்கு மைக்செட் நான். பேர் நல்லகாமன், கடை கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்சந்தில். அஞ்சாவதோடு படிப்பு நின்றுபோனது. பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது. சங்கீத நுணுக்கம் வேண்டுமென்பவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். சீலனைப் பற்றிக் கேட்டால் சொல்வேன்.

எழுபத்தேழில், பழைய சாமான் கடையில் ரெக்கார்டுக் கட்டு ஒன்று வாங்கினேன். மேலே எல்லாம் சினிமாத் தட்டு. அடியில் ஒரு வெள்ளைக்காரத் தட்டு கிடந்தது. அட்டையில் பாடுகிறவன் படம் இல்லை. கடலுக்கடியில் ஒரு ரயில் நிற்கிறது, ஜன்னல் ஜன்னலாக மீன் எட்டிப் பார்க்கிறது. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. என்ன கண்றாவி என்று கடையில் போட்டுப் பார்த்தேன். முதலில் கோயில் ஆர்கன் மாதிரி கம்பீரமாக எழுந்தது. பின்னாலேயே கூட்டமாக வயலின். சரி, பரவாயில்லை என்று நினைப்பதற்குள் ஒருவன் கிட்டாரின் கழுத்தை நெரித்தான், டிரம்காரன் படியில் உருண்டு விழுந்தவன் மாதிரி அடித்தான், தகரத்தைத் தார் ரோட்டில் இழுக்கிற சத்தம் கேட்டது, திடீரென்று எல்லாம் நின்று ஒருவன் மூச்சு வாங்கினான்.

எதிர்க்கடை பாய் எழுந்து வந்துவிட்டார். "என்ன நல்லகாமு, ஊசி தேஞ்சிருச்சா? பெட்டிக்குள்ள பூனை எதுவும் மாட்டிக்கிச்சா?"

தட்டை எடுக்கப் போனேன். ஒயர் வாங்க வந்திருந்த சீலன் என் கையைப் பிடித்தான்.

"அண்ணே, எடுக்காத."

"இதெல்லாம் ஒரு பாட்டாடா?"

"ராக்குண்ணே. ஆனா ராக்கு மட்டும் இல்ல. சிம்பொனி மாதிரி மாடி மாடியா கட்டுறான். கட்டி முடிச்சு அவனே கடப்பாரைய வச்சு இடிக்கிறான். இடிச்ச செங்கல வச்சு வேற ஒண்ணு கட்டுறான், பாரு."

"அந்த வீட்டுல குடியிருக்கவன் பாவம்டா."

அவன் சிரிக்கவில்லை. ஊசி நடுவுக்கு வந்து உரசுகிறவரை கையும் காலும் அசையாமல் நின்றான். அவன் அப்படி நின்றது எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

அன்றிலிருந்து பிடித்தது சனி. சாயங்காலம் ஆனால் வந்துவிடுவான், அதைப் போடு என்பான். கடைக்கு வருகிற கல்யாண வீட்டார் வெளியிலிருந்தே திரும்பிப் போனார்கள். பிறகு கேட்பது போதாது என்று, தானே ஒன்று எழுத ஆரம்பித்தான். சினிமாப் பாட்டு மாதிரி மூன்று நிமிசம் இல்லை. இருபது நிமிசம் ஓடுகிற ஒரே பாட்டு.

"அவன் அவுக ஊருச் சத்தத்த வச்சுக் கட்டுறான். நம்ம ஊர்ல சத்தத்துக்கா பஞ்சம்?" என்றான். ஆலைச் சங்கைப் போட்டான். மாதா கோயில் பூசைப் பாட்டின் ஆர்கனைப் போட்டான், அதன் தலையில் கிட்டாரைக் குப்புறக் கவிழ்த்தான். கடைசியில் என்னிடமே வந்தான்.

"அண்ணே, மைக்க ஸ்பீக்கர் குழாய்க்கு முன்னாடி காட்டுனா ஒரு ஊளை வருமே, அது எனக்கு வேணும்."

அந்த ஊளை வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். அது வந்தால் கல்யாண வீட்டில் கல்லை எடுத்து எறிவார்கள். வர வை என்கிறான் இவன். திட்டினேன். விடவில்லை. கடைசியில் மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடித்தால் ஊளை மெல்லிசாக நிற்கும் என்று நானே பழகிவிட்டேன். வெட்கக்கேடு.

அவன் மனைவி சகாயமேரி டீச்சர். ஒரு நாள் கடைக்கே வந்து நின்றது.

"அண்ணே, அந்தத் தட்ட அன்னைக்கே ஒடச்சுப் போட்ருக்கலாம்ல? புளி கரைக்கச் சொன்னா அதுலயும் தாளம் எண்ணிக்கிட்டு இருக்காரு. படுத்தா வெரலு என் முதுகுல தட்டுது."

"நான் என்னம்மா பண்றது?"

"ஒரே ஒரு தடவ ஜனங்க முன்னாடி முழுசா வாசிச்சுப்புட்டா அடங்கிருவேன்கிறாரு. அந்த ஒரு தடவைக்கு எதாவது வழி பண்ணுங்கண்ணே."

அதற்குத்தான் வழியில்லை. என் கடை மாடியில் ஒத்திகை வைத்தோம். டிரம்ஸ் வாசிக்கிற பஞ்சாபகேசன் சின்ன வயதில் மிருதங்கம் படித்தவர். அவரே குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஓய், ஏழு எனக்கும் தெரியும். ஏழுலேர்ந்து சொல்லாம கொள்ளாம அஞ்சுக்குத் தாவறீர். அங்கேர்ந்து ஆறரை. மனுஷன் எங்க மூச்சு விடறது?"

"மூச்சு விடாதீங்க சாமி. அந்த எடம் மூச்சு முட்டணும்."

குழுத் தலைவர் பசுபதி ஒரே வார்த்தையில் முடித்தார். "மாப்ள, சனம் தெரிஞ்ச பாட்டக் கேக்க வருது. இத வாசிச்சா பெறகு எந்த ஊர்லயும் எனக்குக் கச்சேரி கெடைக்காது."

ஆனையூரிலிருந்து உறுமி மேளம் அடிக்கிற மலையாண்டியைச் சீலன் எப்படியோ பிடித்து வந்தான். பாட்டின் நடுவில் ஆர்கனும் உறுமியும் மட்டும் சண்டை போட வேண்டுமாம். மலையாண்டி பல அடி அடித்துக் காட்டினான். எதுவும் பிடிக்கவில்லை. கடைசியாக ஒன்றைத் தேய்த்து உறும விட்டதும் சீலன் துள்ளி எழுந்தான். "இது! இதுதான்!"

மலையாண்டி குச்சியை நிறுத்திவிட்டான். "அண்ணே, இது ஆத்தாளக் கூப்புடுற அடி. இதப் பாட்டுக்குள்ள வைக்கக்கூடாது. வந்துருவா."

"எட்டு எண்ணிக்கைதான? ஒண்ண வெட்டிரு. ஏழாக்கு. அப்ப அது கூப்புடுற அடி இல்லேல்ல?"

மலையாண்டி வெகு நேரம் யோசித்தான். நானும் யோசித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"வெட்டிட்டா வரமாட்டான்னுதான் நெனைக்கிறேன்" என்றான் மலையாண்டி. "ஆத்தா நொண்டிக்கிட்டா வருவா?"

எண்பத்தொன்று பங்குனியில் அலங்காநல்லூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் முத்தாலம்மன் பொங்கலுக்குக் கச்சேரி. பொழுது சாய்வதற்குள் மேடை தயார். மேடைக்கு எதிரே கோயில், நடுவில் சனம். ஆனால் பாடுகிற இரண்டு பேரும் வந்த பஸ் வழியில் படுத்துவிட்டது. கூட்டம் விசிலடிக்க ஆரம்பித்தது. ஊர்ப் பெரியவர் பசுபதியை முறைத்தார். பசுபதி வேர்த்துப் போய்ச் சீலனைப் பார்த்தார்.

"டேய், உன் நீளப் பாட்டுல பாடுற ஆளு வேணுமா?"

"வேணாம்."

"எடு. அவுக வந்ததும் நான் கை காட்டுவேன், எங்க இருந்தாலும் நிறுத்திறணும்."

சீலன் தலையைக்கூட ஆட்டவில்லை. அதற்குள் ஆர்கனில் கை வைத்துவிட்டான். அன்றைக்குத் தோதாக மலையாண்டியும் கோயில் மேளத்துக்கு அங்கேயே வந்திருந்தான்.

ஆரம்பம் நன்றாகப் போனது. கோயில் ஆர்கன் சத்தம் குழாய் வழியாக வயக்காடு வரை போனதும் விசில் நின்றது. ஆலைச் சங்கு வந்தபோது, "மில்லு விட்ருச்சு, வீட்டுக்குப் போங்கப்பா" என்று ஒருவன் கத்தினான், கூட்டம் சிரித்தது. கிட்டார் ஓலமிட்டது. என் ஊளையைக் கொடுத்தேன். "மைக்செட்டுக்காரா, தூங்குறியா?" என்றார்கள். என்னத்தைச் சொல்ல? பஞ்சாபகேசன் கண்ணை மூடிக்கொண்டு ஏழையும் அஞ்சையும் தாண்டிக் கரை சேர்ந்தார். பிறகு எல்லோரும் நிறுத்த, உறுமி ஆரம்பித்தது.

மூன்று சுற்று வந்திருக்காது. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு கூப்பாடு. ஒச்சாயி என்று அந்த ஊரில் ஆடு மேய்க்கிற பொம்பளை, அவள் மேல்தான் வருசா வருசம் ஆத்தா இறங்குவாளாம். முடியை அவிழ்த்து விட்டுக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்துவிட்டாள். கூட்டம் விலகி எழுந்து கும்பிட்டது.

ஆடினாள் என்று சொல்ல முடியாது. ஒரு கால் எடுத்து வைப்பாள், அடுத்த கால் வைக்கப் போகிற இடத்தில் அடி முடிந்து மறுபடி தொடங்கிவிடும். தடுமாறுவாள், நிமிருவாள், மறுபடி தடுமாறுவாள். கண் சிவந்துவிட்டது.

"யார்ரா அது!" என்று ஆத்தா கத்தினாள். "என்னையக் கூப்புட்டுப்புட்டு நொண்ட விடுறவன் எவன்டா? நேரா அடிங்கடா!"

இங்கே ஒரு முறை உண்டு. சாமி வந்துவிட்டால் அது மலையேறுகிறவரை கொட்டு நிற்கக்கூடாது. சீலனின் தாளிலோ உறுமி அந்த இடத்தோடு நிற்க வேண்டும், பிறகு ஆர்கன் தனியாக மெதுவாகப் போய் முடிக்க வேண்டும். அந்த முடிவுக்காகத்தான் அவன் மற்றதையெல்லாம் எழுதியதே. சீலன் கையை அசைத்தான். மலையாண்டி தலையை ஆட்டி மறுத்தான். வெட்டிய ஒன்றைத் திரும்பச் சேர்த்து எட்டாக அடிக்கத் தொடங்கினான். சீலன் விடவில்லை. ஆர்கனில் ஏழிலேயே போனான். எட்டும் ஏழும் முட்டிக்கொண்டு, விலகி, மறுபடி முட்டின.

"ஏய், அந்த ஆர்மோனியத்த நிறுத்தச் சொல்லு!" என்றார் ஊர்ப் பெரியவர். நாலு பேர் என் பெட்டியிடம் ஓடி வந்தார்கள். "அந்த மைக்க அமத்துய்யா!"

நான் அமத்தவில்லை. பாட்டின் மேல் ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பெட்டியில் இன்னொருத்தன் கை வைக்கச் சொன்னால் எனக்கு ஆகாது. "கச்சேரி என் பொறுப்பு, தள்ளி நில்லு" என்றேன். பசுபதி மேடை ஓரத்தில் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சாமியையா சீலனையா என்று தெரியவில்லை.

சீலன் ஒச்சாயியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய வலது கால் கொட்டோடு போனது. இடது கால் ஆர்கனோடு இழுபட்டது. இடுப்பு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வெட்டியது. இன்னும் ஒரு சுற்று போனால் விழுந்துவிடுவாள். சீலன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏழு எண்ணிக்கையை விட்டான். உறுமிக்குக் கீழே ஒரே ஒரு கனத்த சுரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டான், தூணை நட்டு வைத்த மாதிரி.

ஒச்சாயி நேரானாள். நன்றாக ஆடினாள். மழை வரும் என்றாள், கிழக்குத் தெருவில் இரண்டு பங்காளிகளைப் பேர் சொல்லித் திட்டினாள், திருநீறு கொடுத்தாள். மேடைக்கும் ஏறி வந்து சீலன் நெற்றியில் இழுத்தாள். கழுத்தில் சிலுவை தொங்க அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். ஆத்தா மலையேறினாள். உறுமி நின்றது.

சனம் உட்காரவில்லை. கை கூப்பியபடி அப்படியே நின்றது. ஒரு பிள்ளைகூட அழவில்லை. பாடகர்கள் வந்துவிட்டார்கள், பசுபதி கை காட்டினார். சீலன் பார்க்காத மாதிரி மிச்சத்தை வாசித்தான். மெதுவாக இறங்கி இறங்கிப் போகிற வாசிப்பு, கடைசியில் என் ஊளை நூல் மாதிரி. அதுவும் அறுந்தது. முடிந்தது.

ஊர்ப் பெரியவர் மேடைக்கு வந்தார். "தம்பி, சாமிய எறக்கிவிட்ட பாட்டு அருமையா இருந்துச்சு. வர்ற வருசமும் நீங்கதான்." பசுபதிக்குப் பல்லெல்லாம் வெளியே தெரிந்தது.

சீலனுக்கு முகம் செத்துப்போனது. வேன் ஏறியதும் கேட்டான்.

"அண்ணே, கேட்டாங்களா?"

"கையெடுத்துல்லடா நின்னாங்க. பசுபதிக்கு விசிலத் தவிர என்னைக்காவது எதுவும் கெடச்சிருக்கா?"

"கும்புட்டாங்க. கேட்டாங்களா?"

நான் ஒயர்ச் சுருளை மடியில் எடுத்து வைத்துச் சிக்கெடுத்தேன்.

ரெண்டு நாள் கழித்துச் சகாயமேரி கடைக்கு வந்து, "முழுசா வாசிச்சாராண்ணே?" என்றது.

"வாசிச்சான்."

"பெறகு ஏன் இன்னும் விட்டத்தப் பாத்துக்கிட்டே கெடக்காரு?"

அடுத்த வாரம் அந்த ஊரில் விட்டு வந்த இரண்டு குழாயை எடுக்க ஸ்கூட்டரில் கிளம்பினேன். சீலன் பின்னால் தொற்றிக்கொண்டான். நான் கம்பத்தில் ஏறி ஒயரை அவிழ்த்து இறங்குவதற்குள் ஆளைக் காணோம். தேடிப் போனால், கண்மாய்க்கரையில் ஆட்டை விட்டுவிட்டு ஒச்சாயி நிற்கிறாள், இவன் எதிரே நிற்கிறான்.

"எனக்கு என்னய்யா தெரியும்?" என்கிறாள் அவள். "வந்தது ஆத்தா. எனக்கு ஒண்ணுமே நெனவில்ல. முழங்காலு ரெண்டும்தான் இன்னும் வலிக்குது. வருசா வருசம் ஆடுறேன், இப்புடி வலிச்சதே இல்ல. ஒண்ணு ஒரு பக்கமாவும் ஒண்ணு ஒரு பக்கமாவும் இழுத்த மாதிரி."

"எந்தக் காலு? இடதா?"

"இடதுதான். அதுதான் அம்புட்டு வலி."

சீலன் என்னைத் திரும்பிப் பார்த்தான். தட்டு வந்த நாளுக்குப் பிறகு அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. "அண்ணே, ஒரு காலு கேட்ருக்கு" என்றான்.

"வாடா, வெயில் ஏறுது."

"எட்டும் ஏழும் முட்டிக்கிட்ட எடம்தாண்ணே பாட்டு. நான் எழுதுனது இல்ல. திரும்ப எழுதணும்." அவளிடம் திரும்பினான். "அக்கா, அந்தக் கால எப்புடி எடுத்து வச்சீங்க? ஒரு தடவ வச்சுக் காட்டுங்களேன்."

"ஆத்தா வச்ச கால நான் எப்புடிய்யா காட்ட? போய்யா, ஆடு கெணத்தோரம் போகுது."

அவள் கம்பை எடுத்துக்கொண்டு போனாள். அவனும் பின்னாலேயே போனான், தரையைப் பார்த்துக்கொண்டு, அவள் கால் எப்படி விழுகிறது என்று எண்ணியபடி. நான் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தேன். கேட்கிற மாதிரி இல்லை.