காய்ச்சல் என்று சொன்னோம்

இரண்டாம் முறை உண்டாகி காரைக்குடி மருத்துவமனைக்குப் போன முதல் நாளே டாக்டர் கேட்டார்: "முதல் குழந்தை எதனால இறந்துச்சு?" நான் வாயைத் திறக்கும் முன் அத்தை முந்திக்கொண்டார். "காய்ச்சல் டாக்டரம்மா. ஒம்பது நாள்ல போயிருச்சு." நானும் தலையாட்டினேன்.

காய்ச்சல் இல்லை. தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசிந்து, நின்று, மறுபடி கசிந்து என் மகன் போனான். அன்று துணி மாற்றியது நான். காய்ந்த கொடி துணியோடு என் கையில் வந்துவிட்டது. பள்ளத்தூரில் எங்கள் தெருவுக்கு அது போதாதா? இழுத்துப் பிடுங்கிவிட்டேனாம். அத்தைதான் அத்தனை வாயையும் அடைத்தார். அவர் என் அப்பாவின் தங்கை. அவர் மகனைத்தான் கட்டியிருந்தேன். "யாரு கேட்டாலும் காய்ச்சல்னு சொல்லு. ரத்தம்கிற பேச்சே வேண்டாம், வயித்துப்பிள்ளைக்குக் கேக்கும்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் தப்பு செய்தவளைத்தானே காப்பாற்ற வேண்டியிருக்கிறது? கணவர் சிங்கப்பூரில். தினமும் போனில் "சாப்பிட்டியா" என்பார். அதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

மகள் பிறந்தாள். எட்டாம் நாள் தொப்புளில் ரத்தம். நான் கொடியைத் தொட்டதே இல்லை. பயந்துபோய் துணி மாற்றுவதையே அத்தையிடம் விட்டிருந்தேன். ஆட்டோ பிடித்து ஓடினோம். கட்டுப் போட்டதும் நின்றது. ரத்தம் உறையும் சோதனை செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். மதியம் கட்டு மறுபடி நனைந்தது.

"குடும்பத்துல வேற குழந்தைக்கு இப்படி வந்திருக்கா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டரம்மா" என்றார் அத்தை.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "பொய். மூத்தவனும் இப்படித்தான் போனான். கொடிய நான் இழுத்துட்டேன்னு ஊரே சொல்றாக. நானும் அப்படித்தான் நெனைக்கிறேன்" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொந்தத்துல கட்டினீங்களா?" என்று மட்டும் டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். உடனே வேறொரு சோதனைக்கு ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார். முடிவுக்குக் காத்திராமல் பிளாஸ்மா ஏற்றினார்கள். இந்த முறை நின்றது நின்றதுதான்.

பிறகு முடிவு வந்தது. உறைந்த ரத்தம் கலையாமல் இறுகுவதற்கு வேண்டிய பதிமூன்றாம் ஃபேக்டர் அவளிடம் இல்லை. வழக்கமான சோதனையில் அது தெரியாதாம். தாய் தகப்பன் இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்து பிள்ளைக்கு வருவதாம். மாதம் ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும், தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்கிறேன், இன்று பள்ளிக்குப் போகிறாள்.

அன்று நான் கேட்டது வேறு. "அப்ப மூத்தவன்?"

"அவனுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். நீங்க தொடாட்டியும் ரத்தம் வந்திருக்கும்மா."

அத்தை என் பக்கத்தில்தான் நின்றார். குழந்தையின் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டேன். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நீ இழுக்கலையா?" என்றார்.