காயாத பசு

நான் வரைந்திருக்கும் படங்களில் பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்க்காதவை. என் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னவை. யாராவது படத்தின் முன்னால் நின்று, தெருவை எப்படி இவ்வளவு கவனிக்கிறீர்கள் என்று கேட்பதுண்டு. தெருவில் போகும்போது நான் கவனிப்பது மூடியில்லாத சாக்கடை, தொங்குகிற கரண்ட் வயர், நாய். வேறெதுவும் கண்ணில் விழாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று பயந்தே பாதி நாள் போகமாட்டேன். அப்புறம் போகவே இல்லை.

நீலசந்திராவில் ஒரு அறையும் அடுப்படியுமாக எங்கள் வீடு. கடைகளுக்கு போர்டு எழுதுவது தொழில். கன்னட எழுத்தை அழகாக எழுதுவேன், படிக்கத் தெரியாது. பேச்சும் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவள் இங்கேயே பிறந்தவள். கன்னடம் தண்ணீர் மாதிரி பேசுவாள், கறிக்கடையில் உருதிலேயே சண்டை போட்டு நல்ல எலும்பாக வாங்கி வருவாள்.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தது. நான் தமிழில் எழுதிக் கொடுத்த போர்டுகளைக் கடைக்காரர்களே சுண்ணாம்பு அடித்து மறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன். பால் வாங்க அவள்தான் போனாள். திரும்பி வருகிறவரை எனக்கு உயிர் இல்லை. வந்தவள் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, பார்த்ததைச் சொன்னாள். ரோட்டில் ஒரு வண்டி இல்லையாம். எல்லா ஷட்டரும் இறங்கிக் கிடக்கிறதாம். நட்டநடு ரோட்டில் ஒரு பசு மட்டும் படுத்து அசைபோடுகிறதாம்.

"அது பாட்டுக்குப் படுத்துகினு இருக்குது. ரோடையே அதும் பேர்ல எழுதி வச்ச மாதிரி" என்றாள்.

தலை எந்தப் பக்கம், கொம்பு எப்படி, வெயில் எங்கே விழுந்தது என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்லச் சாத்திய கதவையே மறந்துவிட்டேன். மிச்சமிருந்த எனாமல் பெயிண்டை எடுத்து ஒரு பிளைவுட் துண்டில் அந்தப் பசுவைப் போட்டேன். பால் பொங்கியதைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அவள் படத்தைப் பார்த்துவிட்டு, கொம்பு இன்னும் உள்ளே வளையணும் என்றாள். வளைத்தேன்.

அதிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக கான்வாஸ், ஆயில் கலர் ட்யூப், லின்சீட் எண்ணெய் என்று சேர்ந்தன. டர்பென்டைன் வாசனையை மட்டும் அவள் கடைசிவரை திட்டிக்கொண்டே இருந்தாள், ரசத்தில் அதைத்தான் தாளித்த மாதிரி இருக்கிறது என்பாள். சாயங்காலம் நான் வந்து கைகால் கழுவியதும் அன்றைக்குப் பார்த்ததைச் சொல்வாள். முதலில் நிறத்தைச் சொல்லுவாள், பிறகுதான் ஆளை. ஒரு தக்காளிப்பழச் சிவப்பு எதிரே வந்தது, கிட்டே வந்தால் மேஸ்திரி சம்சாரம். ஜீவனஹள்ளியில் அவள் தங்கை வீட்டு மாடியில் ஒரு சாம்பல் கூட்டம் தலைகீழாகத் தொங்கியது, பார்த்தால் பிள்ளைகளின் யூனிஃபார்ம். அப்படியே வாங்கி அப்படியே வரைவேன். பத்து வருஷத்துக்கு மேல் இந்த ஊரை நான் அவள் கண்ணால்தான் பார்த்தேன்.

பிறகு எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, நிறம் அவள் பேச்சிலிருந்து கழன்றுவிட்டது. யார் என்ன பேசினார்கள் என்பது மட்டும் வந்தது. ஒருநாள் தண்ணீர் லாரியின் முன்னால் வரிசையாகக் குடம் வைத்திருந்ததைச் சொன்னாள். என்ன கலர் என்று நானாகக் கேட்டேன். எல்லாம் நீலம் என்றாள். போட்டேன். மறுநாள் டீ குடிக்கப் போனபோது அதே லாரி, அதே வரிசை. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று குடங்கள் நின்றன. வந்து கேலி செய்தேன். நேற்று நீலமாக இருந்தது என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுக் குடங்களை மாற்றினேன்.

அதற்கப்புறம் படங்களில் கீறல் விழ ஆரம்பித்தது. ஆயில் கலர் சீக்கிரம் காயாது. மெல்லிசாகப் பூசினாலே பல நாள் பிசுபிசுக்கும். அந்த ஈரத்தில் யாரோ இழுத்துவிட்ட மாதிரி கோடுகள். எலியோ, பல்லியோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோ என்று எனக்கு ஒரே கவலை. ஜன்னலை அடைத்தேன், எலிப்பொறி வைத்தேன். கீறலை ஒன்றுவிடாமல் சரிசெய்தேன். மழையால் வேலை நின்று ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்தபோது அவள் படத்துக்கு மூக்கு இடிக்கிற மாதிரி நின்றுகொண்டு, கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஈரமா இருக்குதுன்னு கூடவா தெரியல?" என்று கத்தினேன்.

அவள் கையை எடுக்கவில்லை.

"ஈரம் தெரியுது. அது ஒண்ணுதான் தெரியுது" என்றாள்.

சர்க்கரை இருப்பது தெரியும். அது கண்ணுக்குள் ரத்தத்தைக் கசியவிடும் என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். லேசர் வைத்தார்கள். ஒரு கண்ணில் நிழல் மாதிரி கொஞ்சம் மிஞ்சியது, பிறகு அதுவும் போயிற்று. சிறுநீரகமும் கெட ஆரம்பித்திருந்தது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டேன். சொல்லியிருந்தால் நீ எனக்கு முன்னாடி போயிருப்பாய் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

இனி பார்த்துவிட்டு வந்து சொல்வது என் முறை. அப்போது வைட்ஃபீல்டில் புதிது புதிதாக எழும்பிய ஆபீஸ்களில் சுவர்ப்படம் வரைகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்து அவள் கட்டிலருகில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தால், ட்ரான்ஸ்ஃபார்மரில் புகை வந்தது, ஒரு பெரியவர் பஸ்ஸுக்கு அடியில் போயிருப்பார், சாரத்தில் ஒரு ஆள் கயிறு இல்லாமல் நின்றான் என்றுதான் வரும்.

"யோவ், நீ வேலைக்குப் போய்ட்டு வரியா, எமலோகத்துக்குப் போய்ட்டு வரியா?" என்பாள்.

அவளுக்காகக் கஷ்டப்பட்டுக் கண்ணைப் பழக்கினேன். கம்பெனி பஸ் ஜன்னலில் வாயைத் திறந்து தூங்குகிற பையன்கள், ஃபிளாட் கட்டுகிற இடத்தில் செங்கல் அடுப்பில் கொதிக்கிற சோறு. நிறத்தை முதலில் சொல்லு என்பாள். ஆனாலும் வரையத்தான் கை ஓடவில்லை. நானே பார்த்ததை நானே வரைவது பொய்சொல்வது போல இருந்தது.

ஒருநாள் அவளே அந்தப் பசுவைக் கேட்டாள். பிளைவுட் துண்டு எப்போதோ ஒழுகலில் உப்பி, பிரிந்து போயிருந்தது. மறுபடி போடு, என் கைக்குத் தெரிகிற மாதிரி போடு என்றாள்.

பிரஷ் எடுக்கவில்லை. பெயிண்ட் அப்புகிற தட்டைக் கத்தியால் அப்பினேன். கொம்பு, திமில், முதுகு, மடித்த கால், வால், எல்லாம் விரலுக்குத் தட்டுகிற கனத்தில். சும்மா பூசிய பெயிண்ட் காயவே நாளாகும்போது, இந்தக் கனத்துக்கு மாசக்கணக்காகும். அதிலும் அது ஜூலை. விடாத தூறல், சுவரே வியர்த்தது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவை வீட்டுக்குள் நுழையும்போதும் செருப்பைக் கழற்றுகிறதுக்கு முன்னால், காய்ந்ததா என்பாள். நான் ஓரத்தில் தீக்குச்சியால் குத்திப் பார்ப்பேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும்.

பயம் தாங்காமல் படத்தைக் குண்டு பல்புக்குக் கீழே வைத்து, பெயிண்டைச் சீக்கிரம் காயவைக்கிற டிரையர் எண்ணெயையும் அதிகமாகச் சேர்த்தேன். அப்படிச் செய்தால் மேலே தோல் கட்டிவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும் என்பது இந்த வேலையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மறுநாள் பசுவின் வயிறு ஆறின பாலின் ஆடை மாதிரி சுருங்கிக் கிடந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அப்பினேன். காத்திருந்த நாளெல்லாம் வீணாயிற்று. அவளிடம், ஈரக்காற்று, அதனால் தள்ளிப்போகிறது என்றேன்.

பிறகு ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் படுக்கவைத்தேன். மூச்சு வாங்கியபடியே கேட்டாள்.

"காஞ்சுதா?"

"இன்னும் ஒரு வாரம்."

"ஒரு வாரத்துக்கு நான் எங்க போறது?"

படத்தை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். வெள்ளை பெயிண்டில் விஷம் இருக்கும், கையை வாயில் வைத்துவிடாதே என்றேன். இனிமேல் அது தனியாக என்ன செய்யப் போகிறது என்றாள். அவள் விரல் கொம்பில் தொடங்கியது.

"உள்ள வளைஞ்சிருக்குது."

"நீதானே சொன்ன."

திமிலில் ஏறி முதுகு வழியாக இறங்கினாள். வெள்ளையும் மண்நிறமும் விரலுக்கு முன்னால் திரண்டு கலந்தன. எத்தனை நாளாகப் பொத்திப் பொத்தி வைத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் என் கை தானாக முன்னே போனது, இழுத்துப் பிடித்துக்கொண்டேன். வால் முடிந்த இடத்தில் விரல் நிற்கவில்லை. ரோட்டில் இறங்கி, ஒன்றுமே இல்லாத இடத்தில் தடவிக்கொண்டிருந்தது.

"வண்டி எதுவும் வரலையே?"

"வரல."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணும் வரல."

"அப்ப படுத்திருக்கட்டும்" என்றாள்.

தேங்காயெண்ணெய் தொட்டு விரல் விரலாகத் துடைத்துவிட்டேன். நகத்துக்குள் போன வெள்ளை மட்டும் வரவில்லை. சில நாள் கழித்து அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது அவள் தங்கை ஈர்க்குச்சியால் அதை எடுக்கப் பார்த்தாள். விட்டுவிடச் சொன்னேன்.

படம் ஈரமாகவே இருந்தது. விரல் இழுத்த பள்ளங்களைச் சரிசெய்ய நிறைய நாள் இருந்தது. ஒரு தடவை கத்தியைக்கூட எடுத்தேன். திரும்ப டப்பாவில் போட்டுவிட்டேன். அதற்கு முந்திய படங்களையெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். எதிலும் ஒரு கீறல் இல்லை. எலி என்று நினைத்து எல்லாவற்றையும் அவ்வளவு சுத்தமாக மூடியிருந்தேன்.

மார்ச் வெயிலில் ஒரு காலை பழக்கத்தில் தீக்குச்சியால் ஓரத்தைக் குத்தினேன். இறங்கவில்லை. குச்சிதான் முறிந்தது.

"காஞ்சுடுச்சு" என்று கட்டில் பக்கம் திரும்பிச் சொன்னேன்.