அக்காவின் மின்விசிறி

நான் வீடியோவில் கலைப் படைப்புகள் செய்கிறவள். கதை சொல்கிற படங்கள் அல்ல. இருட்டறைச் சுவரில் திரும்பத் திரும்ப ஓடும் காட்சிகள். போன வருடம் செய்த ஒன்றுக்காக நான் எங்கும் அலையவில்லை. சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும், பேராவூரணியில் இருக்கும் என் அக்காவோடு பேசும் வீடியோ கால்களைப் பதிவு செய்துகொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

அந்த அழைப்புகளில் அவள் முகம் வராது. மின்விசிறி சுற்றும். சில நாள் கொல்லையில் குவித்த தேங்காய் தெரியும்.

"மூஞ்சியக் காட்டேன்க்கா."

"அடுப்பு வேலையா இருக்கேன்டி. நீ பேசு."

அவள் பேச்சு குழறும். "சிக்னல் சரியில்ல" என்பேன். "ஆமா, இங்க மழை" என்பாள்.

எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது. கையில் போன் இருந்தும் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை! சில மாதங்களில் அவள் முகம் மறுபடி திரைக்கு வரத் தொடங்கியது. அது எனக்கு உதவாது என்று பதிவு செய்வதை நிறுத்திவிட்டேன். கையில் இருந்த துண்டுகளைக் கோத்து, 'தொலைவு' என்று பெயர் வைத்தேன்.

தஞ்சாவூரில் ஒரு பழைய நெல் கிடங்கில் அதைத் திரையிட இடம் கிடைத்தது. உறவினர் ஒருவர் அழைப்பிதழைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். திரையிடல் தொடங்கிய அன்று காலை அக்காவிடமிருந்து போன். "பஸ் ஏறிட்டோம்டி. ஒரத்தநாடு தாண்டியாச்சு."

அக்காவும் அத்தானும் வந்ததும் வாசலிலேயே மறித்துச் சொல்லிவிட்டேன். "அக்கா, உள்ள ஓடுறது நம்ம பேச்சுதான். கேக்காம எடுத்துட்டேன். வேணாம்னா இப்பவே நிறுத்திடுறேன்."

அத்தான் செருப்பைக் கழற்றினார். கிடங்குக்கு அது தேவையே இல்லை. "மொதல்ல பாக்குறேன்" என்று அக்கா உள்ளே போனாள்.

பன்னிரண்டு நிமிடப் படம். பாதியில் அவள் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டதைப் பின்னாலிருந்து பார்த்தேன். திட்டு வாங்கத் தயாராக வெளியே வந்து நின்றேன்.

"அது சிக்னல் இல்லடி" என்றாள் அக்கா. "எனக்கு முகவாதம் வந்துச்சு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. ஒரு கண்ண மூட முடியல. தெரிஞ்சா நீ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துருவ. சொல்லக் கூடாதுன்னு உங்கத்தான்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

ஒவ்வொரு நொடியாக நிறுத்தி நிறுத்தி வெட்டிய படம் அது. அந்தக் குழறல் நன்றாக இருக்கிறது என்று ஓரிடத்தில் இரண்டு தடவை வைத்திருந்தேன்.

"இப்ப?" என்றேன்.

"இப்ப என்ன? பாரு." கன்னங்களை உப்ப வைத்துக் காட்டினாள். கண்களை இறுக்கி மூடித் திறந்தாள். விசிலடிக்க முயன்றாள்; வெறும் காற்றுதான் வந்தது. "அது முன்னயும் வராது" என்று சிரித்தாள். "சரியாப் போச்சுடி. மாத்திரையெல்லாம் நிறுத்தியாச்சு. டாக்டரே இனிமே வர வேணாம்னுட்டாங்க."

அவள் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன. மறுபடியும் பார்த்தேன்.

"நல்லாப் பாத்துக்கம்மா" என்றார் அத்தான். "நானும் தெனம் இப்படித்தான் பாத்தேன்."

"படத்த எடுத்துடட்டுமாக்கா?"

"எதுக்கு? ஓடட்டும். அந்தப் பேரு மட்டும் வேணாம். தொலைவா இருந்தா, வாய் கோணிக்கிட்டு நான் எதுக்குடி வாரந்தவறாம போன எடுத்தேன்?"

பெயர்ப் பலகையைக் கழற்றினேன். வேறு பெயர் தோன்றவில்லை. அந்த வாரம் முழுக்கப் படம் பெயரில்லாமலே ஓடியது.

பிறகு மூவரும் பக்கத்து ஹோட்டலுக்குப் போனோம். அக்கா காபியைத் தூக்கிக் குடித்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. "அப்பல்லாம் ஓரமா வழியும்டி" என்றாள், யாருக்கோ நடந்ததைப் போல. காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு ரவா தோசை சொன்னேன். இரண்டும் எனக்கே.