ஹெர்பர்ட் சைலன்சர் மாற்றிய கதை

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஹெர்பர்ட்டைத் தெரியாதவர்கள் இருக்கலாம்; ஹெர்பர்ட்டின் வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. சிவப்பு எம்.ஜி., இரண்டே பேர் உட்காரலாம், மேலே துணிக்கூரை. சிக்மகளூரில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய ஸ்போர்ட்ஸ் கார். வாங்கிய கையோடு ஹெர்பர்ட் செய்த முதல் காரியம், சைலன்சரைக் கழற்றி உள்ளே இருந்த தடுப்புத் தகடுகளை அறுத்து எறிந்ததுதான். அந்தக் காலத்துக் கண்டோன்மெண்ட் பையன்கள் எல்லாருமே அப்படித்தான். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்து சேர வேண்டும். வயசானதும் மற்றவர்களுக்குப் புத்தி வந்தது, நம் ஆளுக்கு வரவில்லை. அவர் ரிச்மண்ட் ரோட்டில் திரும்பும்போதே வீட்டில் அவர் மனைவி பெட்டி தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிடுவாள்.

ஹெர்பர்ட்டின் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. பிள்ளை மண்ணுக்குள் இறங்க மாட்டேன் என்று பெங்களூருக்கு ஓடிவந்து, பஸ் பாடி கட்டும் கம்பெனி ஒன்றில் தகரம் அடிக்கும் பிரிவில் சேர்ந்தார். நாள் முழுக்க பிரஸ் மெஷின் டமார் டமார் என்று விழும். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால், நான் என்ன பச்சைக் குழந்தையா என்று கேட்பார். கடைசியில் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்தது, வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தார்.

வந்து பார்த்தால் ஊரே கெட்டுப்போயிருந்தது. இத்தனை வருஷம் பூப்போலப் பேசிய பெட்டி எதற்கெடுத்தாலும் கத்தினாள். சர்ச்சுக்குப் புதிதாக வந்த பாதிரியார் பிரசங்கத்தை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினார். டி.வி. விற்ற கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், அதில் சத்தமே வரவில்லை. பாடகர் குழுவில் அவரைக் கடைசி வரிசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பொறாமை, வேறென்ன. எது எப்படிப் போனால் என்ன, வண்டி இருக்கிறதே என்று ஹெர்பர்ட் மனசைத் தேற்றிக்கொண்டார்.

அந்த வண்டியிலும் அவருக்கு ஒரு குறை. பெங்களூர் டிராஃபிக்கில் மூன்றாவது கியரைத் தாண்ட முடியாது. நாலாவது என்று ஒன்று இருப்பதே கியர் கம்பியின் தலையில் எழுதியிருப்பதைப் பார்த்தால்தான் தெரியும். செத்துப்போவதற்குள் ஒரே ஒரு தடவையாவது அந்த வண்டியை அதன் இஷ்டத்துக்கு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. கோவா பார்க்கணும், வேளாங்கண்ணிக்கு நடந்து போகணும் என்றெல்லாம் அவர் கேட்டதே இல்லை.

1998இல் அதற்கு வழி பிறந்தது. ஓசூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய கார் கிளப் ஒன்று ரேஸ் டிராக் வைத்திருந்தது. அந்த இடத்தை ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வாங்கிவிட்டதால் இன்னும் இரண்டே ரேஸ் கூட்டம், அதோடு டிராக்கை மூடுகிறார்கள் என்று செய்தி வந்தது. ஹெர்பர்ட் உடனே பெயர் கொடுத்தார். ஆனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. டிராக்குக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை. வண்டிச் சத்தத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன என்று பண்ணைக்காரர் டிராக்டரைக் கொண்டுவந்து வாசலை மறித்திருக்கிறார். அன்றிலிருந்து, நூற்றைந்து டெசிபலுக்கு மேல் சத்தம் போடும் வண்டி உள்ளே போகக்கூடாது.

தகடுகளைத் திரும்பப் பொருத்தலாம் என்று எவனும் யோசிப்பான். ஹெர்பர்ட்டுக்கு அது தோல்வி. சிவாஜிநகரில் பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் ஸ்க்ரப்பர்களை மொத்தமாக வாங்கிவந்து சைலன்சருக்குள் திணித்தார். போதாததற்கு பெட்டியின் சமையலறையில் இருந்ததையும் எடுத்துக்கொண்டார். வண்டியை ஸ்டார்ட் செய்து கேட்டார். பூனை மாதிரி உறுமியது.

"எப்டி இருக்கு?" என்று பெட்டியிடம் பெருமையாகக் கேட்டார்.

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் கூட்டத்தன்று கிளப்பில் வண்டிகளைச் சோதித்தவர் ஸ்ரீகண்டன், பாங்க்கில் அதிகாரி. சைலன்சர் குழாய்க்குக் கொஞ்சம் தள்ளி மீட்டரை நிறுத்தினார். ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். ஹெர்பர்ட் மிதித்தார். புஸ்ஸென்று புகையோடு ஒரு ஸ்க்ரப்பர் பறந்துவந்து ஸ்ரீகண்டனின் ஷூவில் விழுந்தது. அடுத்து இன்னொன்று. மீட்டர் நூற்றுப் பதின்மூன்று காட்டியது.

"மீட்டர் ரிப்பேர் சார். வண்டி எவ்ளோ சாஃப்டா இருக்குது, கேளுங்க."

ஸ்ரீகண்டன் அதே மீட்டரை வைத்துப் பின்னால் நின்ற பச்சை ஃபியட்டைச் சோதித்தார். தொண்ணூற்றொன்பது. ஹெர்பர்ட், பெங்களூரில் எந்தக் கதவையும் திறக்கிற அந்தக் கன்னட மந்திரத்தைச் சொல்லிப் பார்த்தார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்."

"நான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிடுவேன் சார், கோழி பண்ணாதே. இன்னும் ஒரு கூட்டம்தான் பாக்கி. நல்ல சைலன்சரா போட்டுட்டு வாங்க" என்றார் ஸ்ரீகண்டன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூக்குடைபட்டு, ஹெர்பர்ட் வண்டியைத் திருப்பினார். பக்கத்து சீட்டில் பெட்டி வழக்கம்போல இரண்டு காதுகளையும் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் இருவரும் ஆடுகோடியில் முனியப்பனின் வெல்டிங் பட்டறைக்குப் போனார்கள். மீட்டரில்தான் கோளாறு என்பதை முனியப்பனுக்கு நிரூபித்துக் காட்டாமல் ஹெர்பர்ட்டுக்குத் தூக்கம் வராது. வண்டியை உறுமவிட்டு, பானட்டுக்கு முன்னால் குனிந்து, "பாரு, இது ஒரு சத்தமா? சொல்லு" என்றார். முனியப்பனின் பார்வை ஹெர்பர்ட்டின் தோளைத் தாண்டிப் பின்னால் எங்கேயோ நின்றது. ஹெர்பர்ட் எஞ்சினை அணைத்துவிட்டு, "என்னப்பா, வாயில கொழுக்கட்டையா?" என்றார். அப்போதும் முனியப்பன் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹெர்பர்ட் திரும்பினார். கைக்கெட்டும் தூரத்தில் பெட்டி இரண்டு டீ டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எப்ப வந்த?"

"அப்பவே வந்துட்டேன்." அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள். "கூப்டுக்கினே இருக்கேன். டீ ஆறிப்போச்சு."

முனியப்பன் தலையைச் சொறிந்தான். "அண்ணா, கோச்சுக்காதீங்க. வண்டிய நிறுத்துனப்புறமும் அக்கா கூப்டாங்க. எனக்கே கேட்டுச்சு."

ஹெர்பர்ட் டம்ளரை வாங்கிக்கொண்டு அங்கிருந்த டயர்மேல் உட்கார்ந்தார். பாதிரியார், டி.வி. கடைக்காரன், பாடகர் குழு எல்லாம் வரிசையாக வந்து அவர் முன்னால் நின்றன. பெட்டி கத்தவில்லை, அவருக்குக் கேட்பதற்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவமானம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னேங்க. நீங்கதான் கேக்கல."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது ஹெர்பர்ட்தான். பெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டாள். வண்டிக்கு அவள் காதைக் கடன் தருவாள், கூட்டம் முடிந்த மறுநாள் அவர் மறுபேச்சு இல்லாமல் காது டாக்டரிடம் வர வேண்டும். ஹெர்பர்ட் சரி என்று தலையாட்டினார். மனிதர் ஒரு விஷயத்தில் எதிர்த்துப் பேசாமல் தலையாட்டியதை முனியப்பன் அன்றுதான் பார்த்தான்.

பெட்டி சர்ச்சில் சின்னப் பிள்ளைகளைப் பாடவைக்கிறவள். ஐம்பது பிள்ளைகளில் எது சுருதி தப்பியது என்று திரும்பிப் பார்க்காமலேயே சொல்வாள். பட்டறையில் வண்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். முனியப்பன் சைலன்சரை அறுத்துத் திறந்து, மிச்சமிருந்த ஸ்க்ரப்பர்களைச் சுரண்டி எடுத்து, புதுத் தகடுகள் வைத்தான். ஓட்டை போட்ட குழாயைச் சுற்றிச் சத்தத்தை விழுங்கும் கண்ணாடிப் பஞ்சை அடைத்து மூடினான். டிக்கிக்கு அடியில் இன்னொரு சின்ன சைலன்சரும் சேர்த்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஹெர்பர்ட் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளங்கை கீழே போனால் இன்னும் குறைக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் காட்டும் அதே சைகை. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்தால்தான் சரி. சேரவே இல்லை.

"அன்னிக்கு அந்தப் பச்ச ஃபியட் பாஸ் ஆச்சு பாருங்க, அந்தச் சத்தம் என் காதுலயே இருக்கு. இன்னும் அங்க வரல" என்றாள். பிறகு எழுந்து வண்டியைச் சுற்றி நடந்து முன்பக்கம் வந்து நின்றாள். "பின்னாடி சரியாதான் இருக்கு. இங்க என்னமோ டிக்கு டிக்குன்னு அடிக்குது பாருங்க."

முனியப்பன் பானட்டைத் திறந்து காதை வைத்தான். எஞ்சினிலிருந்து சைலன்சர் குழாய் புறப்படுகிற மூட்டில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் கிழிந்து, அங்கேயே சத்தம் வெளியே பீறிட்டுக்கொண்டிருந்தது. எத்தனை காலமாகவோ. புது கேஸ்கெட் போட்டு முடுக்கினார்கள். பெட்டி திரும்பப் பின்னால் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஹெர்பர்ட் மிதித்தார். கண்ணாடியில் அவள் இரண்டு விரலும் மெல்லச் சேர்ந்தன. அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் மீட்டர் என்ன சொல்லுமோ, அது வேறு பயம். கடைசிக் கூட்டத்தன்று ஸ்ரீகண்டன் மீட்டரை நிறுத்தினார், ஹெர்பர்ட் ஆக்சிலரேட்டரில் கால் வைத்தார். இது போனால் வேறு டிராக் இல்லை, வேறு நாள் இல்லை. மிதித்தார். ஸ்ரீகண்டன் மீட்டரைப் பார்த்து ஏதோ சொன்னார். ஹெர்பர்ட்டுக்குக் கேட்கவில்லை. இப்போது மட்டும் அதை ஒப்புக்கொள்ள அவருக்குக் கூச்சமில்லை. பெட்டியைத் தேடினார். வேலிக்கு அப்பால், வெயிலில், இரண்டு விரலையும் சேர்த்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நூத்தி மூணு. போயிட்டு வாங்க சார்" என்று ஸ்ரீகண்டன் இம்முறை அவர் இடது காதருகே குனிந்து சொன்னார். அந்தக் காதில் கொஞ்சம் பரவாயில்லை என்று பெட்டி முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறாள்.

ஹெர்பர்ட் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். முதல் வளைவில் பயந்தார், இரண்டாவதில் பயம் போனது, நேர்பாதையில் நாலாவது கியரைப் போட்டார். அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது. திரும்பி வந்தபோது மனிதர் முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். கோழிப்பண்ணைப் பக்கமிருந்தும் ஒரு புகாரும் வரவில்லை.

டிராக்கை மூடுவதற்கு முன்னால் கடைசிச் சுற்று குடும்பத்தோடு போகலாம், ஹெல்மெட் வேண்டாம், ஆனால் மெதுவாகப் போகவேண்டும் என்று ஸ்ரீகண்டன் கண்டிப்பாகச் சொன்னார். பெட்டி இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் முந்தானையைக் காதுக்குக் கொண்டுபோனாள். பிறகு அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இருபது வருஷத்தில் அந்த வண்டிக்குள் அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசினாலும் யாருக்குக் கேட்கும்.

நேர்பாதை வந்தது. பெட்டி அவர் இடது காதுப்பக்கமாகச் சாய்ந்து, கல்யாணமான புதிதில் பேசிய அதே சாதாரணக் குரலில் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் வேகமாதான் போங்களேன்."

ஹெர்பர்ட் அவளைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொன்ன?"

"ஏன், கேக்கலயா?"

"கேட்டுச்சு. இன்னொரு தடவ சொல்லு."

அவள் சொன்னாள், அதே குரலில். ஹெர்பர்ட் நாலாவது கியருக்கு மாற்றினார். ஓரத்தில் நின்ற ஸ்ரீகண்டன் கையை ஆட்டிக் கத்தினார். அது மட்டும் அவர் காதில் விழவே இல்லை.