காப்பி குடித்துவிட்டதாகச் சொன்ன சூசை

வெள்ளிக்கிழமை காலை, செவ்வாய்ப்பேட்டை நூல் கடையில் நான் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கோவிலில் துக்க மணி அடித்தது. சூசை போய்விட்டார் என்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. மணி அடித்தவர் கோவில் காரியம் பார்க்கும் நம் உபதேசியார். சூசையைப் பாட்டுக் கூட்டத்திலிருந்து ஒதுக்கியவரும் அவரே. அடக்கத்தின்போது எல்லாரையும்விடப் பலமாக அழுதார்.

பங்கு மக்களே, சூசையின் குரல் உங்களுக்குத் தெரியும். சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை நன்மையாக வாங்குவதற்காக இரவிலிருந்து பச்சைத் தண்ணீரும் படாமல் பூசைக்கு வருவார். "பசிச்ச வயித்துல இருந்து வர்ற பாட்டுத்தானுங்க ஆண்டவருக்குக் கேக்கும்" என்பார். கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சிக்கெடுக்கும்போதும் பாடுவார். முதலாளி வந்து நின்றாலும் சரணத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

தபசுகாலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு அவர் நன்மை வாங்கப் போகவில்லை. கேட்டதற்கு, "மறந்து காப்பி குடிச்சுப்போட்டேனுங்க" என்றார். சிரித்தீர்கள். அடுத்த ஞாயிறும் காப்பி, அதற்கடுத்த ஞாயிறும் காப்பி. மனைவியை இழந்த மனிதர், நன்மை வாங்கவில்லை, அப்படியானால் நன்மை வாங்கத் தகாத சாவான பாவம்தான் என்று முடிவு கட்டினீர்கள். பாஸ்காத் திருநாள் வருவதற்குள் ஓமலூரில் அவருக்கு ஒரு பெண்ணையும் வைத்து, அவளுக்கு வீடும் கட்டிக் கொடுத்துவிட்டீர்கள். உபதேசியார் எல்லார் முன்னிலும், "நன்மை வாங்காதவன் முன்னால நின்னு பாடப்படாது" என்றார். சூசை கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். உடம்புக்கு என்ன என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?

கடையில் அவர் சோற்றை மோரில் கரைத்து ஒரு பக்கக் கன்னத்திலேயே ஒதுக்கி விழுங்குவதைப் பார்த்தேன். வெற்றிலை புகையிலையையும் விட்டிருந்தார். விளக்கம் கேட்டால் சொல்லமாட்டார் என்று தெரியும். கன்றுக்கு மருந்து புகட்டுவதுபோல் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கவைத்தேன். நாக்கின் ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி, நடுவில் வெடித்திருந்தது.

"இதை வச்சுக்கிட்டு சாமியார் முன்னால எப்படிங்க நாக்கை நீட்டறது? ரத்தம் கசியற எடத்துல ஆண்டவரை வைக்கலாமுங்களா?" என்றார்.

அவர்மேலும் எனக்குக் கோபம்தான், இன்னும் தீரவில்லை. வாயைத் திறந்து காட்டுவதைவிடப் பாவி என்று பெயர் எடுப்பதே மேல் என்று இருந்துவிட்டார். அன்றே ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டர் கட்டியை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு தாடைக்குக் கீழே தடவி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"பருப்பு அளவுல இருந்தப்பவே வந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாம். இப்ப கழுத்துக்கு எறங்கிருச்சே. ஏன் இத்தனை நாள் வரலை?"

சூசை, "இனிப் பாட முடியுமுங்களா?" என்று கேட்டார். டாக்டர் கை கழுவப் போய்விட்டார்.

கடைசி வாரத்தில் சாமியார் அவர் வீட்டுக்கு வந்து, அப்பத்தில் ஒரு துணுக்கைத் தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் ஊட்டினார். சூசை நன்மைக்கு வராத காரணத்தை நான் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியக்காரா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?" என்றார். சூசைக்கு அப்போது பேச்சு நின்றிருந்தது.

அவர் பாட்டை நினைவில் வைத்திருப்போம் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது வேறு. சென்ற ஞாயிறு பெண்கள் பக்கத்தில் ஒருத்தி நன்மைக்கு எழுந்திருக்கவில்லை. பத்துத் தலைகள் திரும்பின. பூசை முடிந்ததும் அவளிடம் போய், "என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க, மறந்து காப்பி குடிச்சுப்போட்டேன்" என்றாள்.

நான் நம்பவில்லை. கோவில் வாசலில், உங்கள் எல்லார் எதிரிலும், "வாயைத் திறந்து காட்டும்மா" என்றேன். அவள் என்னைக் கண்டபடி திட்டினாள். அந்த நாக்கு நன்றாகத்தான் இருந்தது.